அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் எதை எறியலாம்?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் உங்கள் அம்மப்பா இருந்த வீடு விலைப்பட்டுவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். மேல்மாடியில் ஒரு றங்குப்பெட்டி. அதற்குள் கட்டுக் கட்டாகக் கடிதங்கள், செட்டியார் தெருக் கடை ஒன்றின் கணக்குக் கொப்பிகள் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்கள், பித்தளை மூக்குப்பொடி டப்பா, கொஞ்சம் ஏட்டுச் சுவடி. எந்த ஸ்கேனர் வாங்கலாம், ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் போதுமா, மூலத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "இந்தக் குப்பை ஆருக்கு வேணும்" என்று அம்மா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. எதை எறிந்தால் பின்னால் மனம் குத்தாது என்று கேட்கிறீர்கள்.

கொழும்பில் ஒரு நூலகத்தின் பழைய ஆவணப் பிரிவில் 26 வருடம் வேலை செய்தவன் நான். கிழிந்த தாளை ஒட்டுவது, கட்டுவது, பூச்சி பார்ப்பது, அட்டவணை எழுதுவது, இதுதான் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒருவராவது ஏதாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வருகிறார். கடதாசி பற்றி நான் சொல்வதைத் தைரியமாகச் செய்யலாம். ஏட்டுச் சுவடி என் கைக்குப் பழகியதல்ல, அதில் செய்யக்கூடாததை மட்டும் சொல்வேன்.

இந்த மாதம் எதையும் எறிய வேண்டாம். அதைவிட முக்கியம், எதையும் தரம் பிரிக்க வேண்டாம். பெட்டியைக் கண்டதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கடிதங்களை ஆண்டு வாரியாக அடுக்கலாம், படங்களை ஒரு பக்கம் வைக்கலாம், பில்லுகளைத் தனியாக்கலாம் என்று தோன்றும். நானும் அப்படி ஒரு தவறு செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிதங்கள் என்னிடம் வந்தன. ஆறேழு கட்டுகள். ஒரு கட்டை மட்டும் சிவப்புக் கரை வேட்டித் துண்டால் கட்டியிருந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவிழ்த்து, தேதிப்படி அழகாக அடுக்கினேன். டின்னுக்குச் சொந்தக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "அந்தச் சிவப்புக் கரைக் கட்டு எங்க தம்பி?" என்று கேட்டார். காணித் தகராறில் கோபித்துக்கொண்டு போன தம்பியிடமிருந்து அவருடைய கணவருக்கு வந்த கடிதங்களாம் அவை. ஒன்றுக்கும் கணவர் பதில் போடவில்லை, ஒன்றையும் எறியவுமில்லை, பதினோரு வருடம் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார். அந்தப் பதினோரு வருட மௌனம் எந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அதைச் சொன்னது அந்தக் கட்டு மட்டும்தான், அதைத்தான் நான் அவிழ்த்துவிட்டேன்.

அதனால் உங்கள் முதல் வேலை, பெட்டியை இருக்கிற இடத்திலேயே திறந்து போனில் படம் எடுப்பது. மேலே இருப்பதை எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். எந்தக் கட்டுக்குள் எந்தக் கடிதம், எந்தக் கொப்பிக்குள் எந்தச் சீட்டு செருகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். கணக்குக் கொப்பிக்குள் ஒரு கல்யாண அழைப்பிதழ் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் அந்தக் கல்யாணச் செலவு எழுதியிருக்கக்கூடும். கட்டுக்கு ஓர் எண், கட்டுக்குள் இருப்பவைக்கு வரிசை எண். எண்ணைப் பென்சிலால், பின்பக்க மூலையில், மெல்லிதாக எழுதுங்கள். பேனை வேண்டாம்.

இரண்டாவது வேலையும் ஸ்கேனர் அல்ல. வெள்ளவத்தையில் 84 வயதில் ஒரு பெரியம்மா இருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்கு இன்னும் ஐம்பது வருடம் இருக்கிறது, பெரியம்மாவுக்கு இல்லை. சொல்வதற்குக் கடுமையாக இருக்கிறது, ஆனால் அவசரம் அந்தப் பக்கம்தான். "உங்கட வாழ்க்கையைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது, அல்லது பேரப்பிள்ளைக்கு ஏற்றபடி துடைத்த கதை ஒன்று வரும். மூக்குப்பொடி டப்பாவைக் கையில் கொடுங்கள். மூடியைத் திறக்கட்டும், மோந்து பார்க்கட்டும். போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருங்கள். நான் கண்டதில் ஒருவர் பேச்சை நிறுத்திய பின் வரும் பத்து விநாடி அமைதிக்குப் பிறகுதான் நல்ல விஷயம் வரும். நாம் அடுத்த கேள்வியைப் போட்டு அதைக் கெடுத்துவிடுவோம். படம் காட்டும்போது, "இடப்பக்கம் இரண்டாவதாக நிற்கிற ஆள், கையில் குடை" என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது "இவர்தான் அவர்" என்று மட்டும் கேட்கும், எவர் எவர் என்று தெரியாது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். 1958, 1977, 1983 கலவரங்கள் பற்றி அவராக எடுத்தால் கேளுங்கள், நீங்களாக இழுக்க வேண்டாம். "இதை வெளியில் போடாதே" என்று சொன்னால் அதையும் பதிவிலேயே சொல்லச் சொல்லுங்கள், பின்னால் வருபவர்களுக்கும் தெரியும்.

பெரியம்மா சொல்வதை எவ்வளவு நம்பலாம்? யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் யார் இருந்தார்கள், கடையின் உட்புறம் எப்படி இருந்தது என்பதையெல்லாம் நான் பெரும்பாலும் நம்புவேன். ஆண்டுக் கணக்கை நம்ப மாட்டேன். ஞாபகம் ஆண்டை எண்ணாக வைத்திருப்பதில்லை, ஏதாவது சம்பவத்தோடு முடிந்து வைத்திருக்கும். அதனால் "எந்த வருஷம்" என்று கேட்காமல் "அப்ப வேற என்ன நடந்தது" என்று கேளுங்கள். ஒரு பாட்டி என்னிடம், "அரிசி எழுபது சதமான கொஞ்ச நாளில எனக்குக் கலியாணம்" என்றார். பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது 1953இல், ஆகஸ்ட் 12 ஹர்த்தாலும் அதற்காகத்தான். கல்யாணப் பதிவைத் தேடிப் பார்த்தபோது அதே ஆண்டு செப்டெம்பர். "ஜப்பான்காரன் குண்டு போட்டபோது" என்றால் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. "இராணி வந்தபோது" என்றால் 1954 ஏப்ரல். இப்படி ஆணி அடித்துக்கொண்டால் நடுவில் உள்ளதை ஓரளவு தொங்கவிடலாம். பிறகு வீரகேசரி (1930இலிருந்து வருகிறது), தினகரன் (1932) பழைய இதழ்களில் சரிபார்க்கலாம். கடை, முகவரி என்றால் பெர்குசனின் இலங்கை டிரெக்டரி கைகொடுக்கும். ஒன்று கவனியுங்கள், தெருப் பெயர்கள் மாறியிருக்கும். கடிதத்தில் டரட் வீதி என்றிருந்தால் இன்றைய தர்மபால மாவத்தை. கிரீன் பாத் என்றிருந்தால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. வீட்டு இலக்கமும் மாறியிருக்கலாம் என்பதால் இலக்கத்தை மட்டும் வைத்து வீட்டைத் தீர்மானிக்காதீர்கள்.

கடிதங்களுக்கும் ஆண்டு கண்டுபிடிக்கும் வேலை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த வேலை. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே "குரோதி ௵ ஆடி ௴ ௰௨ ௳" என்று இருந்தால், குரோதி வருடம் ஆடி மாதம் 12ஆம் நாள் என்று படிக்க வேண்டும். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். அறுபது வருடச் சுற்று என்பதால் குரோதி 1904லும் வரும், 1964லும் வரும், 2024லும் வந்தது. எதுவென்று உள்ளிருக்கும் கடிதம் சொல்லாது, உறை சொல்லும். முத்திரையில் ஏழாம் எட்வேர்டின் தலை இருந்தால் முதலாவது. தபால் முத்திரைக் குத்து தெளிவாக இருந்தால் கேள்வியே இல்லை. அதனால்தான் உறைகளை எறியாதீர்கள், முத்திரை சேர்க்கும் மருமகனுக்கு வெட்டிக் கொடுக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். முத்திரையில் நாட்டின் பெயர் பழைய சிலோனாக இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன்னையது என்று எடுத்துக்கொள்ளலாம். அன்றுதான் நாட்டின் பெயர் மாறியது. ஆனால் கடதாசித் தலைப்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பழைய தலைப்புத் தாளை முடியும் வரை பாவித்த சிக்கனக்காரர்கள் ஏராளம்.

கணக்குக் கொப்பிகளைத்தான் உங்கள் அம்மா முதலில் எறியச் சொல்வார் என்று நினைக்கிறேன். கடிதத்திலாவது பாசம் இருக்கும், இதில் வெறும் எண்கள். என்னைக் கேட்டால் பெட்டியில் மிக அரிதானது அதுதான். கடிதத்தில் ஆட்கள் தங்களைக் கொஞ்சம் சோடித்துக்கொள்வார்கள். பேரேட்டில் யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்போது கொடுத்தார், வேல் விழாவுக்குக் கடை எவ்வளவு போட்டது என்று அப்படியே கிடக்கும். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் போன ஆடி மாதங்களில் அந்தத் தெருவின் வியாபாரம் என்னவாக இருந்தது என்பதற்கு அரசாங்க அறிக்கையில் பதில் கிடைக்காது, இதில் கிடைக்கும். படிப்பது முதலில் சிரமம். ௶ என்பது பற்று, ௷ என்பது வரவு, ௸ மேற்படி. தமிழ் எண்களில் பழைய முறைக்காரர் 1931ஐ ௲௯௱௩௰௧ என்று எழுதுவார், புதிய முறைக்காரர் ௧௯௩௧ என்று எழுதுவார். ஒரே கொப்பியில் இரண்டும் வந்தால் கணக்கப்பிள்ளை மாறிவிட்டார் என்று அர்த்தமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், கையெழுத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி பாதுகாப்பு. கொழும்பின் எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், இங்கே அது பெரும்பாலும் 70க்கு மேல்தான். குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது போடாமல் இருப்பதைவிட மோசம். ஏறி இறங்கும் ஈரம்தான் தாளை முறிக்கும். காற்றோட்டமுள்ள உள் அறையில், வெளிச்சுவரில் ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். சொப்பிங் பாக்கில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். பலமுறை துவைத்த, சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால் நம் ஊருக்கு அது போதும். பூச்சி உருண்டை வேண்டாம், அது தாளுக்கும் நல்லதல்ல, உங்கள் நெஞ்சுக்கும் நல்லதல்ல. ராமபாணப் பூச்சியும் கறையானும் இருட்டும் அசையாமையும் உள்ள இடத்தில்தான் குடியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை.

செலோடேப் ஒட்டக் கூடாது. லாமினேட் செய்யவே கூடாது. ஒரு குடும்பம் தங்களுடைய 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமை விண்ணப்பப் பத்திரங்களைத் தெருமுனைக் கடையில் கொடுத்து லாமினேட் செய்து கொண்டுவந்தது. மலையகத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தாளுக்காக மூன்று தலைமுறை அலைந்தவர்கள், அதனால்தான் அப்படிப் பத்திரப்படுத்தினார்கள். உருகிய பிளாஸ்டிக் தாளுக்குள் இறங்கிவிட்டது, இனிப் பிரிக்க வழியில்லை. எனக்குக் கோபிக்கவும் மனம் வரவில்லை. துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் மட்டும் நீங்களே எடுக்கலாம், பின்பக்கமாகக் கவ்வை விரித்து மெதுவாக. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த பழைய மையால் எழுதிய தாளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகியிருந்தால் மடிப்பை விரிக்காமல் அப்படியே வையுங்கள். வெள்ளைக் கையுறை போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள், தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு. கடதாசிக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது, கையுறையில் விரலின் உணர்வு போய்த் தாள் கிழியும். படத்துக்கும் நெகட்டிவுக்கும் கையுறை சரி. ஒட்டிப்போன படங்களை இழுக்க வேண்டாம், அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வெள்ளம் கிள்ளம் வந்து நனைந்தால் வெயிலில் பரப்பாதீர்கள். இரண்டு நாளுக்குள் விசிறிக் காற்றில் உலர்த்த முடிந்தால் உலர்த்துங்கள். முடியாத அளவு இருந்தால் பொதி செய்து ஆழ்குளிரில் வைத்துவிடுங்கள், அவகாசம் கிடைக்கும்.

ஏட்டுச் சுவடியை நூலை அவிழ்க்காமல், எண்ணெய் பூசாமல், ஓலைகளைப் பிரிக்காமல் பழகியவரிடம் கொண்டுபோங்கள். சட்டமும் உண்டு. 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருதக்கூடிய பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பழைய கலாசாரப் பொருள்களை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப் போவதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டமும் தடுக்கிறது. கனடாவிலிருக்கும் மாமா "பெட்டியோட அனுப்பு" என்று சொன்னால், அனுப்பும் முன் தொல்பொருள் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, ஸ்கேனர். சாதாரண ஏ4 தட்டை ஸ்கேனர் போதும், தாளை இழுத்து விழுங்கும் வகை வேண்டவே வேண்டாம். கடிதத்துக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), படத்துக்கு 600. நிறத்திலேயே எடுங்கள், மையின் நிறம்கூடத் தகவல்தான். இருபக்கமும், உறையும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் அது வெற்றா விடுபட்டதா என்று பத்து வருடம் கழித்துத் தெரியாது. கொப்பியைத் தட்டையாக அழுத்தினால் முதுகு உடையும் என்பதால் அதைச் சன்னல் வெளிச்சத்தில் போனால் மேலிருந்து எடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு வீட்டில். வட்ஸ்அப் குழுவில் போட்டது பிரதிக் கணக்கில் சேராது, அது படத்தைச் சுருக்கிவிடும். ஸ்கேன் செய்துவிட்டால் மூலத்தை எறியலாமா என்றால், கூடாது. பார்த்துப் பார்த்து வைத்த வன்தட்டு ஒருநாள் காலையில் திறக்காமல் போனதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். நூறு வருடத் தாள் திறக்காமல் போனதைக் கண்டதில்லை.

இணையத்தில் போடுவது வேறு விஷயம். கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் இறந்து 70 வருடம் வரை. அம்மப்பா எழுதியது என்றால் குடும்பம் பேசி முடிவு செய்யலாம். அவருக்கு வந்தவை பிறருடையவை. பேரேட்டிலோ கடன்காரர் பெயர் சாதிப் பெயரோடு இருக்கும், அவருடைய பேரன் அதே தெருவில் இருப்பான். சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டு முகத்தில் விழிக்க வேண்டாமா?

மூலத்தை யாருக்குக் கொடுப்பது? கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்பு என்ற காணிப் பதிவேடு முதல் பத்திரிகைகள் வரை இருக்கின்றன, தனியார் தொகுப்புப் பற்றியும் பேசிப் பார்க்கலாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 2005இலிருந்து இயங்கும் "நூலகம்" என்ற பெயருள்ள மின்நூலகத்தோடு பேசினால் மின்பிரதி பலருக்குப் போய்ச் சேரும். யாரிடம் கொடுத்தாலும் பட்டியலோடு, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். என்ன நிபந்தனையில் பிறர் பார்க்கலாம் என்று எழுதுங்கள். நான் ஓரிடத்துக்குச் சிபாரிசு செய்து அனுப்பிய பெட்டி ஆறு வருடம் கழித்து மாடிப்படிக்குக் கீழே கட்டுப் பிரிக்காமல் இருந்தது. கெட்ட மனிதர்கள் இல்லை, ஆள் போதாது. அதனால் மின்பிரதி உங்களிடமும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது பார்த்தோம், சுமார் 97,000 நூல்கள் ஓர் இரவில் போயின.

கொழும்புத் தமிழருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 83 ஜூலையில் வீடெரிந்தவர்களிடம் அதற்கு முந்திய ஒரு படம்கூட இருக்காது. உங்கள் பெட்டி தப்பியது அதிசயம். ஆனால் கடிதம் என்பது எழுதியவர் வீட்டில் இருப்பதில்லை, போய்ச் சேர்ந்த வீட்டில்தான் இருக்கும். உங்கள் அம்மப்பா எழுதிய கடிதங்கள் வேறு யாருடைய அலுமாரியிலோ இருக்கின்றன. உங்கள் பெட்டியில் இருப்பவை வேறு யாரோ இழந்துவிட்ட அப்பாவின் கையெழுத்துகள். ஒரு முகவரிப் பட்டியல் எழுதுங்கள். பருத்தித்துறை, காரைக்குடி, கண்டி, எங்கெங்கிருந்து வந்திருக்கிறதோ அங்கெல்லாம். பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, "உங்கட அப்பான்ர கடிதம் எங்களிட்ட இருக்கு, எங்கட ஆளின்ர உங்களிட்ட இருக்கோ" என்று கேளுங்கள். நான் இப்படிக் கேட்டு எழுதிய எட்டுக் கடிதங்களுக்கு இரண்டு பதில் வந்தது. அதில் ஒன்று ஒரு கேசட்டோடு வந்தது. எண்பதுகளில் கடிதத்துக்குப் பதிலாக ஒலிப்பதிவு செய்து அனுப்பியது. தொண்ணூறு நிமிடம், பின்னால் குக்கர் விசிலடிக்கிற சத்தத்தோடு.

எறியத்தான் வேண்டுமென்றால் ஒரே அச்சுப் பிரதிகள் பலவாக இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மீதியை எறியலாம். கறையான் தின்று பொடியானதைப் படமெடுத்துவிட்டு எறியலாம். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. றங்குப்பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுப்பதற்கு முன் மூடியின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். பெயரும் ஊரும் கப்பலேறிய திகதியும் பெயின்ரில் எழுதும் வழக்கம் இருந்தது.